அறுபத்தாறு அடிச் சங்கிலி

காந்திபுரத்தில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடைக்காரர் முதல் பஸ் நிலையத்தில் பூக் கட்டும் அம்மாள் வரை ஆளுக்கொரு விலை சொல்வார்கள். ‘சரிங்க, சென்ட் என்றால் எவ்வளவுங்க?’ என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். ‘435 சதுர அடி’ என்று சட்டென்று பதில் வரும். கணக்கில் கெட்டிக்காரர் யாராவது இருந்தால் ‘435.6’ என்று திருத்துவார். அதென்ன 435.6? நானூறு, ஐந்நூறு என்று முழுசாக இருக்கக் கூடாதா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் யாரும் வாய் திறப்பதில்லை!

பதில் ஒரு சங்கிலியில் இருக்கிறது. சங்கிலி என்றதும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டாம். இது இரும்புச் சங்கிலி. எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1620-ஆம் வருஷ வாக்கில் ஏற்படுத்தியது. நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் உள்ள நிலம் ஒரு ஏக்கர். கண்ணிக் கணக்கில் சொன்னால் ஒரு ஏக்கர் என்பது சரியாக ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூறில் ஒரு பங்கு ஆயிரம் சதுரக் கண்ணி. அதுதான் உங்கள் சென்ட்! கண்ணியில் பார்த்தால் முழுசாக இருப்பது அடியில் பார்க்கும்போது 435.6 என்று பின்னமாகிவிடுகிறது, அவ்வளவுதான். (உங்கள் வீட்டுப் பையன் கிரிக்கெட் ஆடுகிறவன் என்றால் அவனிடம் கேளுங்கள். விக்கெட்டுக்கு விக்கெட் 22 கஜம். அதுவும் இதே சங்கிலிதான்.)

நானூறு வருஷத்துக்கு முந்திய இந்தச் சங்கிலியில் ஆரம்பித்து, ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள் வரை போகிற ஒரு படிப்பு இருக்கிறது. நில அளவை என்று பெயர். இந்தக் காலத்தில் ‘ஜியோமேடிக்ஸ்’, ‘ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்’ என்று மிடுக்காகச் சொல்கிறார்கள். அதைக் கற்க நம் ஊர்க்காரர்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறித் தடாகம் ரோட்டில் இறங்கினால் 1945-இல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவினாசி ரோட்டுப் பக்கம் போனால் 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி; இன்னும் சற்றுத் தள்ளி 1956-இல் தொடங்கிய சி.ஐ.டி. சிவில் என்ஜினீயரிங் எடுத்த பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பாடத்தைப் படித்தாக வேண்டும். இதையே தனிப் பட்டமாகப் படிக்க ஆசைப்பட்டால் கிண்டிக்குப் போக வேண்டும்.

‘எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடுப்பில் குழம்பு கொதிக்கிறது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணி! சம்பந்தம் இருக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 2005-இல் மத்திய சட்டமும் திருந்தியது. இந்துக் கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்று ஆயிற்று. அதாவது, அண்ணனும் தம்பியும் வரப்பில் நின்று வாதாடுவதை இனி நீங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. உங்கள் பெயரும் பத்திரத்தில் ஏறும். ஏறிய பிறகு, ‘வடபுறம் நாற்பத்திரண்டே கால் அடி’ என்று யாரோ சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் நஷ்டம் யாருக்கு?

கோலமும் சர்வேயும்

முதல் வகுப்பில் வாத்தியார் சொல்லிக் கொடுப்பது, உங்கள் வீடு கட்டிய கொத்தனாருக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை. மனைக்கு நூல் போடும்போது அவர் ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நான்கடி அளந்து குறி வைத்தார். குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தார். வந்தால் மூலை நேர், வராவிட்டால் கோணல். மாணவர்கள் சங்கிலியையும் நாடாவையும் வைத்துக்கொண்டு இதைத்தான் கல்லூரி மைதானத்தில் செய்து பழகுகிறார்கள்.

இரண்டாவது பாடம் உங்களுக்கே தெரிந்தது. புள்ளிக் கோலம் போடும்போது என்ன செய்கிறீர்கள்? முதலில் முற்றம் முழுவதற்கும் புள்ளி வைக்கிறீர்கள். பிறகுதான் இழை. புள்ளி வைக்காமல் ஒரு மூலையில் ஆரம்பித்து இழையை மட்டும் இழுத்துக்கொண்டே போனால் மறு மூலைக்குப் போவதற்குள் கோலம் தெருவுக்கே வந்துவிடும். சர்வேயின் தலையாய விதியும் இதுவேதான். முதலில் முழுப் பரப்புக்கும் சில புள்ளிகளை மிகக் கவனமாக நிலை நிறுத்த வேண்டும். அப்புறம் அவற்றுக்கு நடுவே உள்ள சில்லறை விவரங்களை அளக்க வேண்டும். சில்லறையிலிருந்து முழுசுக்குப் போனால் சிறு தவறு வளர்ந்து பெரிதாகும். முழுசிலிருந்து சில்லறைக்கு வந்தால் தவறு அந்தந்தக் கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

தவறு என்றேனே, இந்தப் படிப்பின் சாரமே அதுதான். மற்ற பாடங்களில் எல்லாம் ‘சரியான விடை’ என்று ஒன்று உண்டு. இதில் முதல் நாளே, ‘எந்த அளவும் முற்றிலும் சரியல்ல’ என்று சொல்லிவிடுகிறார்கள். நாடா கோவை வெயிலில் நீளும். முப்பது மீட்டர் எஃகு நாடா, வெப்பம் 20 டிகிரி ஏறினால் ஏழு மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. நாடா நடுவில் தொங்கினால் ஒரு பிழை. இழுத்த கை தளர்ந்தால் ஒரு பிழை. மேட்டு நிலமானால் இன்னொரு வேடிக்கை. மருதமலை அடிவாரம் மாதிரிச் சரிவில் நிலம் வாங்கினால், சரிவின் மேல் நாடாவைப் படுக்க வைத்து அளக்கக் கூடாது. மட்டமாகப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். பத்திரத்தில் வருவது மட்ட அளவுதான். கால் நடக்கிற தூரம் அல்ல. ‘நடந்து பார்த்தேன், நிலம் கூடுதலாகவே இருக்கிறது’ என்று மலைச் சரிவு வாங்கியவர் பூரித்துப் போவதன் ரகசியம் இதுதான்.

ஆக, பிழை இருக்கும். அது எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான உபாயம் வைத்திருக்கிறார்கள். கல்லூரி வாசலில் ஒரு முளையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு மூலையிலும் கோணமும் தூரமும் அளந்துகொண்டே வளாகத்தைச் சுற்றி வந்து, புறப்பட்ட முளைக்கே திரும்பி வர வேண்டும். நான்கு மூலை என்றால் உட்கோணங்களின் கூட்டல் 360 டிகிரி; ஐந்து மூலை என்றால் 540. கணக்குப் போட்டுக் காகிதத்தில் வரைந்தால் கடைசிக் கோடு முதல் புள்ளியில் வந்து முட்ட வேண்டும். முட்டாது! அரை அடியோ ஓரடியோ இடைவெளி விட்டு நிற்கும். மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கில் துண்டு விழுகிற மாதிரி.

இங்கேதான் மாணவர்களின் சாமர்த்தியம் தலைகாட்டும். அளவைக் கொஞ்சம் கூட்டி, கோணத்தைக் கொஞ்சம் குறைத்து, ‘இதோ, முட்டிவிட்டது!’ என்று காட்டுவார்கள். பழுத்த வாத்தியார்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். எப்படி? பிழையே இல்லாமல் முட்டுவதுதான் திருட்டுக்கு அடையாளம்! உண்மையாக அளந்தவன் கணக்கில் சிறு துண்டு விழுந்தே தீரும். அந்தத் துண்டு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தால், விதிப்படி எல்லாப் பக்கங்களுக்கும் பகிர்ந்துவிடலாம். எல்லை தாண்டினால் மறுபடி வெயிலுக்குப் போக வேண்டியதுதான். கணக்குப் புத்தகத்தில் அழிரப்பர் வைத்தவனை மன்னிக்கலாம். சர்வே குறிப்பேட்டில் வைத்தவனை மன்னிக்கக் கூடாது என்பது என் கட்சி. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். அடித்தது தெரிய வேண்டும்.

கோவைச் சீமைக்கு வந்த துரை

இதே பரீட்சையைக் கொங்குச் சீமையில் ஒருவர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஏழெட்டு மைல் நீளத்துக்கு எழுதிக் காட்டியிருக்கிறார். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் யுத்தத்தில் இருந்தவர். 1802 ஏப்ரலில் சென்னையில் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்தார். அளந்தது நூறடி எஃகுச் சங்கிலியால். ஏறக்குறைய நானூறு தடவை அந்தச் சங்கிலியைத் தூக்கி வைக்க வேண்டும். மரப் பெட்டிகளில் அதைக் கிடத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டில் எவ்வளவு நீண்டது என்று ஒவ்வொரு தடவையும் கணக்கெடுத்தார். அந்தச் சங்கிலிக்கு ஒரு கதையும் உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக ஆங்கிலேயர் கொண்டு போனது. அங்கே வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது!

ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம். அதன் மேல் இன்னொன்று. குன்று குன்றாக, கோபுரம் கோபுரமாகத் தாவிக்கொண்டே போகலாம். சங்கிலி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் பிழை? அதற்குத்தான் அவ்வப்போது நின்று, மறுபடி ஒரு கோட்டைத் தரையில் நிஜமாகவே அளந்து, கணக்குச் சொன்னதோடு ஒத்துப் பார்ப்பது. 1804-இல் பெங்களூரில் அளந்தார். கணக்குக்கும் தரைக்கும் ஏழு மைல் கோட்டில் சில அங்குல வித்தியாசம்தான். அடுத்து 1806-இல் அளந்தது அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவில்! ‘புட்சபொலியம்’ என்று அவருடைய கணக்குகளில் எழுதியிருக்கிறது. நம் காதுக்கு அது பச்சாபாளையம் என்று கேட்கிறது. அங்கே இரவில் விழித்திருந்து தலைக்கு நேரே வரும் நட்சத்திரங்களையும் பார்த்து, அந்த இடம் பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே என்று கணக்கிட்டார். 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவு என்று வந்தது. பூமியின் வடிவத்தைக் கணக்கிட்ட ஐரோப்பிய விஞ்ஞானிகள் கையாண்ட அளவுகளில் நம் கொங்கு நாட்டுப் பாளையம் ஒன்றும் இருக்கிறது!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805-இல். மறு வருஷம் சங்கிலி வருகிறது. நாட்டைப் பிடித்தவன் அடுத்துச் செய்யும் காரியம் நாட்டை அளப்பது. அளந்தால்தானே வரி போடலாம்? லாம்டனுக்கு விஞ்ஞானத்தில்தான் ஆசை. அவரை அனுப்பிய கம்பெனிக்கு ஆசை வேறு.

அவருடைய கோணக் கருவியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தியோடலைட் என்று பெயர். அரை டன் கனம். லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிக் கோணிப் போயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக் கணக்கில் தட்டித் தட்டித் தாமே நேர் செய்தார். இன்று மாணவர்கள் கையில் இருக்கும் கருவியை ஒரு பெண் ஒரு கையால் தூக்கிப் போகலாம். ஆனால் கீழே போட்டால் வாத்தியாரின் முகம் மட்டும் லாம்டன் முகம் மாதிரிதான் ஆகும்!

தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

நீள அகலம் அளந்தாயிற்று, உயரம்? கொத்தனார் ரசமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்க்கிறார். அல்லது கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடிக்கிறார். கல்லூரியில் அதற்கு மட்டம் காட்டும் டெலஸ்கோப் இருக்கிறது. ஒருத்தி டெலஸ்கோப்பில் பார்க்க, இன்னொருத்தி அளவு குறித்த நெடிய கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கணக்கு மிகச் சுலபம். தெருச் சாக்கடை மூடியின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 411 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் கோலை நிறுத்திப் பார்த்தால் 1.45 தெரிகிறது. ஆகவே டெலஸ்கோப்பின் பார்வை 412.45 மீட்டர் உயரத்தில் போகிறது. இப்போது அதே கோலை உங்கள் குளியலறைத் தரையில் நிறுத்தினால் 1.75 தெரிகிறது. 412.45-இல் 1.75 போனால் 410.70. அதாவது உங்கள் குளியலறை தெருவைவிட ஓரடி தாழ்வு! ரோடு மேல் ரோடு போட்டு உயர்த்திய தெருக்களில் மழை பெய்தால் ஏன் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம். லங்கா கார்னர் பாலத்தடியில் ஒரு மழைக்கே குளம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கடல் மட்டம் என்றால் எந்தக் கடல் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. கடல் ஏறி இறங்குகிற வஸ்து அல்லவா? கொச்சி, நாகப்பட்டினம், சென்னை முதலிய ஒன்பது துறைமுகங்களில் வருஷக் கணக்காக அலை ஏற்றத்தைக் குறித்து, அதன் சராசரியைக் கொண்டு 1909-இல் நிர்ணயித்தார்கள். அங்கிருந்து கோல் கோலாக அளந்துகொண்டே நாடு முழுவதும் உயரத்தைக் கொண்டு போனார்கள். ரெயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்கு அடியில் ஒரு எண் இருக்கிறதே, அது இந்த உயரம்தான்.

இத்தனை கருவியும் இல்லாத 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானியில் அணை கட்டி, கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 56 மைலுக்கு வாய்க்கால் வெட்டினார். பாம்பு வழி காட்டியது, அது போன தடத்திலேயே வாய்க்கால் போனது என்று கதை. வாய்க்கால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவது மட்டும் நிஜம். நேராக வெட்டியிருந்தால் தூரம் குறைந்திருக்கும். ஆனால் மேட்டைக் குடைய வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் பாய்ந்து கரையை அறுக்கும். ஒரே உயரத்தை ஒட்டி, மிக மிகச் சிறிய சரிவோடு வளைத்துக்கொண்டு போனதால்தான் இன்றைக்கும் தண்ணீர் பாய்கிறது. ‘சம உயரக் கோடு’ என்று மாணவர்கள் படத்தில் வரைகிறார்களே, அதைக் காலிங்கராயன் மண்ணிலேயே வரைந்துவிட்டார். மட்டம் பார்க்க என்ன வைத்திருந்தாரோ! தண்ணீரைவிட நல்ல ரசமட்டம் ஏது?

செல்போனை நம்பலாமா?

இப்போது சங்கிலி அநேகமாகக் காட்சிப் பொருளாகிவிட்டது. ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்ற கருவி, எதிரே ஒருவர் பிடித்திருக்கும் கண்ணாடிப் பட்டகத்துக்கு ஒளிக் கதிரை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரம் சொல்லிவிடுகிறது. கோணத்தையும் அதுவே அளக்கிறது. அதற்கும் மேலே செயற்கைக் கோள்கள். மருதமலை ரோட்டில் இருக்கும் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், மேலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பயிர்களை ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

‘என் செல்போனில்கூட இடம் காட்டுகிறதே, அதை வைத்தே மனையை அளந்துவிடலாமே!’ என்று தோன்றும். வேண்டாம்! திறந்த வெளியில்கூடச் செல்போன் ஐந்து மீட்டர் போல முன்னே பின்னே சொல்லும். காந்திபுரம் மாதிரி உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். ஐந்து மீட்டர் என்றால் பதினாறு அடி. நாற்பதுக்கு அறுபது மனையில் பதினாறு அடி போனால் பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையில் நீங்கள் குழம்பு தாளிக்க வேண்டியிருக்கும்! சர்வேயர்கள் இரண்டு கருவி வைக்கிறார்கள். ஒன்று இருப்பிடம் நிச்சயமாகத் தெரிந்த புள்ளியில். மற்றது அளக்க வேண்டிய இடத்தில். இரண்டுக்கும் பொதுவான பிழையைக் கழித்துவிட்டால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடலாம். சங்கதி பழையதுதான்: தெரிந்த புள்ளியை விடாதே, பிழையைக் கணக்கெடு. கருவிதான் புதிது.

வெயிலுக்குப் போகும் பெண்கள்

1794-இல் சென்னைக் கோட்டையருகே மைக்கேல் டாப்பிங் என்பவர் எட்டுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து கிண்டி என்ஜினீயரிங் காலேஜ் ஆயிற்று. பெண்கள் உள்ளே வர நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. 1940-களில் மூவர் வந்தார்கள். மின்சாரப் பிரிவில் ஏ. லலிதா, சிவில் பிரிவில் பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும். லலிதாவுக்குக் கொடுத்த சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக மாற்றினார்களாம். அச்சடித்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை, பாவம்! 1944-இல் பட்டம் பெற்ற திரேசியா 1971-இல் கேரள மராமத்து இலாகாவுக்கே தலைமை என்ஜினீயர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர்தான்.

இன்று சிவில் வகுப்பில் பெண்கள் இருப்பது செய்தியே அல்ல. ஆனாலும் ‘சர்வே கேம்ப்’ என்று பத்து நாளோ இரண்டு வாரமோ வெளியே போக வேண்டும் என்றதும் வீட்டில் ஆரம்பிக்கிறது. ‘வெயிலில் கறுத்துப் போவாளே, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?’ தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். வகுப்பில் முக்கோணம் போட்டவளுக்கும், காலை ஆறு மணிக்குப் பனி ஈரத்தில் முக்காலியை ஊன்றி, கருவியின் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, ‘இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!’ என்று முந்நூறு அடிக்கு அப்பால் நிற்பவளுக்குக் கையசைத்தவளுக்கும் வித்தியாசம் உண்டு. படித்து முடித்தால் ரோடு, பாலம், மெட்ரோ, சுரங்கம் என்று எதுவும் இவர்கள் அளக்காமல் நடக்காது. அரசாங்கத்திலும் நில அளவர், வரைவாளர் உத்தியோகங்களுக்குத் தேர்வாணையம் பரீட்சை வைக்கிறது.

நீங்கள் கல்லூரிக்குப் போக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டு மனைக்கோ, பிறந்த வீட்டுத் தோட்டத்துக்கோ பட்டா நகலும் புலப்படமும் இப்போது அரசாங்க இணையதளத்திலேயே கிடைக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் எழுதியிருக்கும். பெரும்பாலும் மீட்டரில் இருக்கும், அடியாக்க 3.28-ஆல் பெருக்குங்கள். பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லையையும் அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நாலு பக்க அளவு மட்டும் போதாது. ஒரு மூலைக்கு எதிர் மூலை குறுக்களவையும் பாருங்கள். நாலு பக்கமும் சரியாக இருந்தும் நிலம் சாய்சதுரமாகச் சரிந்து பரப்பு குறைந்திருக்கலாம். ஐந்தாறு அங்குலம் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், அது நாடாவின் குணம். ஐந்தாறு அடி என்றால் தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்து முறையாக அளக்கச் சொல்லலாம்.

அதற்கு முன்னால் படத்தில் குறித்திருக்கும் சர்வே கற்களைத் தேடிப் பாருங்கள். வேலியோரம், கிளுவை மறைவில், மண்ணில் பாதி புதைந்து ஒன்றிரண்டு நிச்சயம் அகப்படும். அகப்படாத கல் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால், பக்கத்து வீட்டில் புதுச் சுவர் எழுப்பிய வருஷத்தைச் சற்று விசாரியுங்கள்!